பச்சுலி தேவியின் விடியற்காலைப் பால்

சிமல்கேத் என்ற மலை ஊரில் பச்சுலி தேவியின் கழுத்தைப் பற்றி அவள் முன்னால் பேசியவர்கள் குறைவு. பேசியவர்கள் மறுமுறை பேசியதில்லை. முன்கழுத்தில் மாதுளங்காய் அளவுக்கு ஒரு கழலை. அதை மறைக்க முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளும் வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. திருவிழா வந்தால் வெள்ளிக் காறையை எடுத்து அதன் மேலேயே சாத்திக்கொள்வாள். "மத்தவளுகளுக்கு நகை தொங்கும். எனக்கு உக்காரும். சாமி மேடையே கட்டிக் குடுத்திருக்கு" என்பாள். சரயு ஆற்றுக்கு மேலே அந்த மலைச்சரிவில் அவள் வயதுப் பெண்களில் பலருக்கும் கழுத்து அப்படித்தான். அதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவள் மட்டும் இவள் ஒருத்திதான்.

வாய் அப்படி என்றால் நெஞ்சழுத்தம் அதற்கும் மேலே. புருஷன் ஒரு மழைக்காலத்தில் புல்லுக்கட்டோடு வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தபோது மூத்தவன் குந்தனுக்கு மீசைகூட அரும்பவில்லை. இளையவன் திரிலோக் இடுப்பில் இருந்தான். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளை ஏரைத் தொடக்கூடாது. தொட்டால் ஊருக்கே ஆகாது. மைத்துனர்கள் "நாங்க உழுது தர்றோம், விளைச்சல்ல பாதி எங்களுக்கு" என்று வாசலில் வந்து நின்றார்கள். பச்சுலி அவர்களை வந்த வழியே அனுப்பிவிட்டு, குந்தனை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏரை அவன் கையில் கொடுத்துவிட்டு, மாடுகளுக்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். அவள் கண் போகிற திசையைப் பார்த்து அவன் உழுதான். கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வழியில்லை, ஏனென்றால் குந்தனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இன்றைக்கும் அந்தச் சரிவில் அவனைப் போல நேராக உழுகிறவன் இல்லை. அவள் எத்தனை தடவை கல்லில் இடறி மல்லாந்து விழுந்தாள் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஊர் அவனை 'லாட்டா' என்று கூப்பிடும். ஊமை, மந்தம், ஐயோ பாவம் மூன்றையும் ஒன்றாய்ச் சுருட்டி வைத்த சொல் அது. குந்தனுக்கு அது கேட்காது என்பதால் அவன் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். புதிதாக யாராவது வந்தால் அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான்: ஒரு விரலால் காதைத் தொட்டு, பிறகு கையை விரித்து வெறுமையாகக் காட்டுவான். 'நான்தான் அந்தக் காது கேட்காதவன்' என்று அர்த்தம்.

அவன் ஏன் அப்படிப் பிறந்தான் என்பதற்கு ஊரிடம் ஒரு பதில் இருந்தது. அவன் வயிற்றில் இருந்தபோது, கிரகணத்தன்று பச்சுலி வீட்டுக்குள் அடங்கி இருக்காமல் புல் அறுக்கப் போனாள். அவள் மாமியார் சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். ஊரில் யார் எதைச் சொன்னாலும் சூடாகத் திருப்பிக் கொடுக்கும் பச்சுலிக்கு, இந்த ஒன்றுக்கு மட்டும் வாய் திறக்காது. கிரகணம் என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள்.

இளையவன் திரிலோக் டில்லியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனான். கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து பாவனாவைக் கல்யாணம் செய்து தாயிடம் விட்டுவிட்டு மறுபடி டில்லிக்கே போனான். பாவனா மாமியாரை 'இஜா' என்று கூப்பிடுவாள். பெற்ற அம்மாவையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நல்ல பெண், ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரு சோர்வு. வெயிலிலும் சால்வை கேட்கும். கல்யாணமான பிறகு இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் நிலைக்காமல் போனது. ஊர் குசுகுசுக்க ஆரம்பித்தது. அந்த வீட்டு வாசலில் பிள்ளை தங்காது என்றார்கள்.

மூன்றாம் முறை பாவனா தயங்கித் தயங்கி வந்து சொன்னபோது, பச்சுலி இட்டுக்கொண்டிருந்த கேழ்வரகு ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல இஜா. உங்ககிட்டத்தான்."

"சொல்லாத. ஊர் வாய்ல விழுந்து எந்திரிக்க இது மூணாவது தடவ. நாளைக்குக் காலம்பற ஜீப்புல கீழ போறோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு."

ஆற்றங்கரை ஊரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் உப்ரேதி என்ற பெண் டாக்டர் இருந்தாள். அல்மோராக்காரி. நாள் முழுக்க வரிசை நின்றாலும் முகம் சுளிக்காதவள். பாவனாவின் ரத்தத்தை எடுத்தாள். முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்தாள்.

"கழுத்துல இருக்குற சுரப்பி சரியா வேலை செய்யல. இதோ இங்க இருக்கே, தைராய்டு. இது ரத்தத்துல ஒரு சாறு விடும். உடம்புக்குச் சூடு, வேகம், எல்லாம் அதுதான். மாசமா இருக்குறப்ப வயித்துல இருக்குறதுக்கும் சேத்து வேலை செய்யணும், கூடவே வேணும். இவங்களுக்குத் தனக்கே பத்தல."

"கம்மியா வேலை செய்யுதுன்னு சொல்றீங்க, எண் மட்டும் இவ்வளவு கூட இருக்குன்னு நர்ஸ் சொல்லுச்சே?" என்று கேட்டாள் பச்சுலி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி பிடித்துவிட்டது. "அது இந்தச் சுரப்பியோட எண் இல்ல. தலைக்குள்ள இன்னொரு சுரப்பி இருக்கு. அதுதான் இதுக்கு உத்தரவு போடும். இது வேலை செய்யலைன்னா அது இன்னும் சத்தமா உத்தரவு போடும். நாங்க அளக்குறது அந்தச் சத்தத்தை."

பச்சுலி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப தலைக்குள்ள இருக்குறது மாமியார். கழுத்துல இருக்குறது மருமக. மருமக வேலை செய்யாம குந்திட்டிருந்தா மாமியார் கத்துவா. கத்துறது ஊருக்கே கேக்குதுன்னா, மருமக தூங்குறான்னு அர்த்தம்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லிடுறேன். மாத்திரை தர்றேன். அந்தச் சாறுதான் மாத்திரையா வருது. தினம் காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல போடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது. மாமியார் சத்தம் தானா அடங்கும்."

"எங்க வீட்டு மாமியார் சத்தம் எந்த மாத்திரைக்கும் அடங்காது" என்று பாவனா மெதுவாகச் சொன்னாள். அவள் அப்படி வாய் திறந்து பேசியதில் பச்சுலிக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

வீட்டில் அப்போது எருமை பால் வற்றி, சினையாய் நின்றிருந்தது. பாவனா காலையில் எழுந்து செம்புத் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது எண் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பச்சுலியின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அதற்குச் சில வாரம் முன்னால்தான் எருமை கன்று போட்டிருந்தது. கன்று போட்டால் உடனே அந்தப் பாலை வாயில் வைத்துவிட முடியாது. மாடுகளைக் காக்கும் பௌதான் சாமிக்கு முதலில் படைக்க வேண்டும். அதுவரை ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பாலைக் கறப்பார்கள், தயிராக்குவார்கள், வெண்ணெய் எடுத்து வைப்பார்கள், வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள். நல்ல ரிப்போர்ட்டோடு மலை ஏறி வந்த அதே வாரம் பச்சுலி பௌதானுக்குப் பாயசம் வைத்துப் படைத்தாள். பால் திறந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் விடியலில் கறக்கும் முதல் பால், நுரையோடு, அவளுக்குத்தான். அதில் ஒரு கரண்டி நெய்யைப் போட்டு மாமியாரே கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காத மாமியாருக்கு ஊரில் ஒரே பெயர்தான், அதைச் சொல்ல வேண்டியதில்லை. சுனையில் தண்ணீர் எடுக்கும்போது பெண்கள் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வியே "பால் குடிச்சியா?" என்பதுதான். பச்சுலி அந்தப் பாலைக் கொடுத்த அழகைப் பார்க்க வேண்டும். இருட்டு பிரிவதற்கு முன்பே கொட்டகைக்குப் போவாள். கறந்த சூடு ஆறுவதற்குள் பெரிய பித்தளை லோட்டாவில் ஊற்றி, நெய் போட்டு, பாவனாவின் படுக்கைக்கே கொண்டுவந்து நீட்டுவாள்.

"மாத்திரையும் இதுலயே போட்டு முழுங்கு. ஒரே வேலையாப் போகும்."

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஊற இரும்பு மாத்திரையும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பாவனா ஒரே வாயில் அந்தப் பாலோடு விழுங்கினாள். வெறும் வயிறு என்று டாக்டர் சொன்னது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. ரொட்டியோ சோறோ ஒரு பருக்கைகூட உள்ளே போயிருக்காது. பாலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஏகாதசிக்குப் பச்சுலி நாள் முழுவதும் விரதம் இருப்பாள், பால் மட்டும் குடிப்பாள். பாலால் விரதம் கெடாது. விரதத்தையே கெடுக்காத பால் வெறும் வயிற்றை எப்படிக் கெடுக்கும்?

அடுத்த தடவை எண் ஏறியிருந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினாள். போகும்போது பாவனாவைத் தனியாக நிறுத்தி, "மாத்திரைய விட்டுட்டியாம்மா? உண்மையச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று கேட்டாள். பாவனா அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

பச்சுலிக்கு அது தன்னையே கேட்டது போல இருந்தது. மறுநாளிலிருந்து அவளே மாத்திரையை வாயில் போட்டாள். பாலைக் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள்.

"இஜா, நான் என்ன கள்ளியா?"

"நீ கள்ளி இல்ல. அந்த டாக்டரம்மா நாளைக்கு என்னைக் கேட்டா நான் சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்லணும்ல."

அதற்கும் அடுத்த தடவை எண் இன்னும் ஏறியிருந்தது.

டாக்டர் உப்ரேதி இந்த முறை சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாருங்க, பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. ஆனா தெரிஞ்சுக்கணும். வயித்துல இருக்குற குழந்தையோட சுரப்பி ஆரம்ப மாசங்கள்ல வேலையே செய்யாது. அப்புறமும் மெதுவாத்தான் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் அம்மா உடம்புலேர்ந்து போறதுதான் அதுக்கு. மூளை வளர்றது, காது உருவாகுறது, எல்லாத்துக்கும் அது வேணும். ரொம்ப நாள் ரொம்பக் கம்மியா இருந்துச்சுன்னா..." என்று நிறுத்தினாள்.

காது என்ற சொல்லில் பச்சுலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைமேல், கொட்டகை வாசலில் உட்கார்ந்து கன்றுக்குட்டிக்குத் தலை சொறிந்துகொண்டிருக்கும் குந்தன் கண் முன்னால் வந்து நின்றான். இந்த வீட்டில் இன்னொன்றா? இந்தப் பெண்ணும் தன் பிள்ளை முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டுமா? அவள் கை தானாகப் போய்ப் பாவனாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"டாக்டரம்மா, இவ மேல தப்பில்ல" என்றாள். "தப்பு என்னோடது. பௌதானுக்குப் படைச்சதுல ஏதோ குறை வச்சிட்டேன். அன்னையிலேர்ந்துதான் இப்படி. அதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு, நீங்களே முதுகுல தட்டிக் குடுத்தீங்க. பால் தொறந்தோம், எல்லாம் தலைகீழாப் போச்சு. நான் வேற பூசாரிய வச்சு மறுபடி படைக்கிறேன். நீங்க மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

"இருங்க, இருங்க. பால் தொறந்தீங்கன்னா?"

"எருமப் பால்தான். படைச்ச அன்னையிலேர்ந்து வீட்டுல பால் புழங்குது."

"இவங்களும் குடிக்கிறாங்களா? எப்ப?"

பச்சுலி நிமிர்ந்தாள். இது ஒன்றிலாவது அவளைக் குறை சொல்ல ஆளில்லை. "விடியக்காலம். முதல் பால். என் கையாலேயே குடுக்குறேன், நெய்யும் போட்டு. மாத்திரையையும் நானே வாயில போடுறேன். அந்தப் பால்லதான் முழுங்குறா. மூணு மாத்திரையும். ஒரு நாள் விட்டதில்ல, சத்தியமா."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தாள். இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கைகளை எடுத்தபோது டாக்டரின் முகத்தில் கோபம் இல்லை.

"பௌதான் மேல தப்பில்லம்மா. உங்க பூசையிலயும் தப்பில்ல. அந்தப் பால்தான். பால்ல இருக்குற சுண்ணாம்புச் சத்து இந்த மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. இரும்பு மாத்திரையும் அப்படித்தான், அந்த இன்னொண்ணும் அப்படித்தான். மூணும் சேந்து வழியை அடைச்சிருக்கு. நீங்க அக்கறையாக் குடுத்த மருந்துல பாதி வீணாத்தான் போயிருக்கும்."

"வெறும் வயித்துலன்னு சொன்னீங்களே. சோறு ரொட்டி எதுவும் குடுக்கலயே!"

"பாலும் சாப்பாடுதாம்மா, இந்த மாத்திரைக்கு. நான்தான் கேட்டிருக்கணும். வெறும் வயிறான்னு கேட்டேன், ஆமான்னாங்க. எதோட முழுங்குறாங்கன்னு கேக்கல."

பாவனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"அப்ப நானே..." என்று பச்சுலி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள் டாக்டர். "ஆரம்பத்துல நல்லா இருந்துச்சு, அது பெரிய விஷயம். நாளையிலேர்ந்து எந்திரிச்சதும் வெறும் தண்ணி, இந்த மாத்திரை, அவ்வளவுதான். பால் குடுங்க, நெய்யும் குடுங்க, ஆனா வெயில் நல்லா ஏறுனப்புறம். மத்த ரெண்டு மாத்திரையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்க. அளவையும் கொறைச்சுத் தர்றேன், இப்ப முழுசா உள்ள போகும். சீக்கிரமே வந்து ரத்தம் காட்டணும்."

பச்சுலி எழவில்லை. காறை இல்லாத அந்தக் கழலையை விரல்களால் தடவிக்கொண்டே கேட்டாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, எனக்கு ஒருத்தன் இருக்கான். காது கேக்காது. அவன் வயித்துல இருக்குறப்ப நான் கிரகணத்துல வெளிய போய்ட்டேன். அதனால இல்லையா அது?"

டாக்டர் எழுந்து வந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து."

"நடந்து முடிஞ்சதை நான் நேர்ல பாக்கல, அதனால சத்தியம் பண்ண முடியாது. ஆனா கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அதை மட்டும் சத்தியமாச் சொல்வேன். அயோடின்னு ஒரு சத்து. அது இருந்தாத்தான் கழுத்துல இருக்குறது அந்தச் சாறைச் செய்ய முடியும். இந்த மலையில மழை அடிச்சு அடிச்சு மண்ணுலேர்ந்து அது போயிடுச்சு. அப்ப உப்புலயும் கலக்கல. உங்க கழுத்து கிடைச்ச கொஞ்சத்தை வச்சுக்கிட்டு எல்லாருக்கும் செய்யப் பாத்துப் பாத்துத்தான் இப்படி வீங்கியிருக்கு. பத்தல, அவ்வளவுதான். நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல."

பச்சுலி தேவி அழுதாள். புருஷன் செத்தபோது ஊர் பார்க்க அழாதவள், அந்த ஆஸ்பத்திரி அறையில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பாவனா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துருவோமா?" என்று கடைசியில் கேட்டாள்.

பச்சுலி மூக்கைத் துடைத்தாள். "பாருங்க. ஆனா மேடைய இடிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் காறைய எங்க வைக்கிறது?"

அவள் பழைய பச்சுலியாகிவிட்டாள் என்று பாவனாவுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

மறுநாள் காலை எருமை கறந்தது. நுரை பொங்கிய பால் அடுப்பங்கரையில் மூடி போட்டுக் காத்திருந்தது. முதலில் குந்தனுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. பாலைக் கொட்டகையிலிருந்து தூக்கி வருகிறவன் அவன், நேரே பாவனாவிடம் கொண்டுபோய்விடுவான். பச்சுலி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், தண்ணீர்ச் செம்பைக் காட்டினாள், பிறகு பாலைக் காட்டிக் கையை ஆட்டிவிட்டு, வானத்தில் வெயில் வந்து நிற்கும் இடத்தைக் காட்டினாள். குந்தன் இரண்டு முறை தலையாட்டினான். அதற்கப்புறம் அந்த வீட்டில் விடியலில் பால் லோட்டாவின் பக்கம் யாராவது போனால் போதும், அவன் எழுந்து குறுக்கே நிற்பான். பச்சுலி தனக்கு டீ போடப் பால் எடுக்கப் போனபோதும் விடவில்லை.

சுனையில்தான் வம்பு வந்தது. பக்கத்து வீட்டுத் தேபுலி வழக்கம்போலக் கேட்டாள், "பால் குடிச்சியாடி?" பாவனா யோசிக்காமல், "இன்னும் இல்ல அத்தே, இப்பல்லாம் காலையில குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டாள். அது குடம் நிறைவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. பச்சுலி வந்தபோது தேபுலி அவள் காதில் விழும்படியே பேசினாள்.

"கன்னு போட்ட எருமைய கொட்டகையில கட்டி வச்சுக்கிட்டு, புள்ளத்தாச்சிய பச்சத் தண்ணியக் குடிக்க வைக்கிற மாமியார இப்பத்தான் பாக்குறேன். ரெண்டு போனது ஏன்னு இப்பப் புரியுது."

இப்போது என்ன பறக்கப்போகிறதோ என்று எல்லோரும் பச்சுலியின் வாயைப் பார்த்தார்கள். தேபுலியே ஒரு அடி பின்வாங்கினாள். பாவனாவின் குடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

பச்சுலியின் கண் தேபுலியின் மேல் இல்லை. தேபுலிக்குப் பின்னால் நின்ற அவளுடைய மருமகள் மேல் இருந்தது. அந்தப் பெண்ணும் உண்டாகியிருந்தாள். கழுத்து லேசாகத் தடித்திருந்தது. வெயிலில் சால்வை போர்த்தியிருந்தாள்.

"என்னைக் கருமின்னு சொல்லிக்க தேபுலி, உனக்கு வாய் நெறையச் சொல்லணும்னா இன்னும் நாலு சொல்லிக்க" என்றாள் பச்சுலி. "ஆனா வர்ற செவ்வாக்கிழம உன் மருமகள எங்ககூட ஜீப்புல அனுப்பு. கழுத்தக் காட்டிட்டு வரட்டும். அனுப்பலைன்னா நான் உன் வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன், நீ சோறு போட்டாலும் எந்திரிக்க மாட்டேன்."

பிறகு அங்கேயே கல்லில் உட்கார்ந்து, தலைக்குள் இருக்கும் மாமியார், கழுத்தில் இருக்கும் மருமகள் கதையைச் சொன்னாள். அன்றைக்குச் சுனையில் சிரித்த சிரிப்பு மேல் ஊர் வரைக்கும் கேட்டதாம். தேபுலி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் மருமகளும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ரிப்போர்ட்டில் மாமியார் சத்தம் பாதியாக அடங்கியிருந்தது. அதற்கடுத்ததில் முழுசாக. பச்சுலிக்கும் மாத்திரை வந்தது. விடியலில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து விழுங்குவார்கள். குந்தன் இருவர் வாயையும் பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவான். ஆனாலும் பிரசவம் வரைக்கும் பச்சுலி நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. பால் குடித்த அந்த இடைப்பட்ட நாட்கள் அவள் நெஞ்சில் கல்லாக இருந்தன. எண் அடங்கிவிட்டது, சரி. உள்ளே இருப்பதற்கு அதற்குள் என்ன ஆயிற்று என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.

பெண் குழந்தை. சிவப்பாய், கோபமாய், முழு எடையோடு பிறந்தது. ஆஸ்பத்திரியில் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவை அப்புறம் சொல்வதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். காதையும் சோதித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த மெஷின் அன்றைக்கு அங்கே இல்லை. ஆகவே பெயர் வைக்கும் நாளுக்கு முன்னால் மறுபடி ஜீப் ஏறினார்கள். இந்த முறை குழந்தையையும் தூக்கிக்கொண்டு.

டாக்டர் உப்ரேதி வாசலுக்கே வந்து சொன்னாள். "ரத்தம் நல்லா இருக்கு. காதும் நல்லா இருக்கு. ரெண்டும்."

பச்சுலி அவள் காலைத் தொடக் குனிந்தாள். டாக்டர் தடுத்துக் கட்டிக்கொண்டாள்.

மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது குந்தன் முற்றத்தில் காத்திருந்தான். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறான் என்று அவன் காலைச் சுற்றி மிதிபட்ட புல் சொன்னது. என்ன ஆயிற்று என்று கையை விரித்துக் கேட்டான்.

அங்கேதான் பச்சுலி நின்றுவிட்டாள். ஜீப்பில் வரும் வழியெல்லாம் ஊருக்கு எப்படிச் சொல்வது, டில்லிக்கு எப்படிப் போன் பண்ணுவது என்று யோசித்தவள், இவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த கைப்பேச்சில் அதைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. காதைத் தொட வேண்டும், குழந்தையைக் காட்ட வேண்டும், 'உன்னைப் போல இல்லை' என்று கையை ஆட்ட வேண்டும். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வாள்? அவள் கை பாதி எழுந்து அப்படியே நின்றது.

குந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் மாடுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தானே, அதே பார்வை. பிறகு அவனே விரலை எடுத்துத் தன் காதைத் தொட்டான். குழந்தையைக் காட்டினான். புருவத்தைத் தூக்கினான்.

பச்சுலி தலையசைத்தாள். ஆமாம், கேட்கும்.

குந்தன் ஒரு கத்தல் கத்தினான். அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஓடினான், பூசைக்குத் தேய்த்து வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தையின் அருகில் மண்டியிட்டு, கரண்டியால் அதை ஓங்கி அடித்தான்.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தூக்கிவாரிப் போட்டு, இரண்டு கையையும் விரித்து, வீல் என்று அலறியது.

"பெரியத்தான், என்ன பண்றீங்க!" என்று பாவனா குழந்தையை வாரி எடுத்தாள். குந்தனுக்கு அந்தத் திட்டும் கேட்கவில்லை, அலறலும் கேட்கவில்லை, தாம்பாளமும் கேட்கவில்லை. விரிந்த அந்தச் சின்னக் கைகளைத்தான் அவன் பார்த்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, கன்னமெல்லாம் கண்ணீராய்ச் சிரித்தான். பிறகு ஒரே ஒரு தடவைதான் என்று விரலைக் காட்டிக் கெஞ்சினான். இன்னொரு தடவை அடிக்க வேண்டுமாம்.

"அடிடா" என்றாள் பச்சுலி.